லேசர் மெஷின்மேல் ஒரு வெள்ளைத் துணி

வெர்னா குச்செரா எங்கள் நெப்ராஸ்கா பக்கத்துப் பல் ஆஸ்பத்திரிகளுக்கு வெளியிலிருந்து நிதி ஆலோசனை சொல்லும் நிறுவனம் நடத்தினார். நிறுவனம் என்றால் அவரும் அவருடைய பழைய காரும்தான். நான் பல் டாக்டர் ஸ்டென்பெர்க்கிடம் வரவேற்பு மேஜையில் இருந்தேன்.

டிசம்பர் பிறந்தால் போதும், வரி குறையும் என்று பல் டாக்டர்களெல்லாம் மெஷின் வாங்கக் கிளம்பிவிடுவார்கள். உடனே பனியில் கார் ஓட்டிக்கொண்டு வெர்னா வந்துவிடுவார்.

"லேசர் மெஷினா? முப்பது டாலர் வரிக்குப் பயந்து நூறு டாலரைத் தூக்கிக் குடுக்கிற ஆளுங்களை உங்க தொழில்லதான் டாக்டரே பார்க்கிறேன்!"

டாக்டர் முணுமுணுத்துக்கொண்டே விட்டுவிடுவார்.

வெர்னா ஓய்வுபெற்ற டிசம்பரிலேயே டாக்டர் அந்த லேசர் மெஷினை வாங்கிவிட்டார். ஆனால் பல் சுத்தம் செய்துகொள்ள வெர்னா எங்களிடம்தானே வருவார்! அவர் வரும் நாள் காலையில் மெஷின்மேல் வெள்ளைத் துணி விழும். வாய் நிறையப் பஞ்சோடு படுத்திருப்பவர் விரலை மட்டும் அந்த மூலைக்கு நீட்டுவார்.

"அது ஒண்ணுமில்லீங்க, பழைய நாற்காலி" என்பார் டாக்டர். சிரிப்பில் வெர்னாவின் வயிறு குலுங்கும்.

எல்லாரையும்போல அவரும் ஆறு மாதம் கழித்து வரவேண்டிய தேதியைப் பதிந்துவிட்டுத்தான் கிளம்புவார். போன பனிக்காலத்தில் இறந்துபோனார். ஏப்ரலில் ஒரு காலை, அன்று வரவேண்டியவர்கள் பட்டியலில் அவர் பெயர் கம்ப்யூட்டர் திரையில் வந்தது. அழிக்க மனம் வராமல் டாக்டரிடம் சொன்னேன்.

"இனிமே யாருக்குப் பயந்து மூடுறது?" என்றார்.

பிறகு துணியை எடுத்து மெஷினை மூடினார்.