கிவ் போட்டு ஐந்து வாக்கியம்

என் வீட்டுக்காரர் செல்லப்பன் பத்தாம் வகுப்பு இங்கிலீஷில் ஆறு தடவை பெயிலானவர். ஒன்று இரண்டு என்றால் மறைக்கலாம், ஆறை எங்கே கொண்டுபோய் மறைப்பது? செஞ்சி பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர்கூட, "இந்த வாட்டி எப்பிடி?" என்று கேட்டுவிட்டுத்தான் கிளாசைக் கையில் கொடுப்பார்.

இவருக்குப் பக்கத்து ஊர் வல்லத்தில் ஒரு அரசாங்க ஆபீசில் பியூன் வேலை. தினமும் சைக்கிளில் போய்வருவார். எண்பத்துநாலாம் வருஷம் அங்கே ஒரு கிளார்க் ரிட்டயராகும் நேரம். அக்டோபர் பரீட்சையில் பாஸ் பண்ணினால் அந்த நாற்காலி உனக்கு, இல்லாவிட்டால் வெளியிலிருந்து ஆள் போட்டுவிடுவார்கள், அப்புறம் கடைசிவரை பெல் அடித்தால் ஓடவேண்டியதுதான் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். இவருக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. நேற்று வேலைக்கு வந்த சின்னப் பையன்கள், "செல்லப்பா, தண்ணி கொண்டா" என்பதை ஒருநாள் நேரிலேயே பார்த்தேன். எனக்குத்தான் வயிறு எரிந்தது. இவர் சிரித்துக்கொண்டே தண்ணீர் கொண்டுபோனார்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடியில் டுடோரியல் நடத்தும் நூர் முகமது சாரிடம் ட்யூஷன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சார் கையில் ஒரு வெள்ளைத் தாளோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஏம்மா, கிவ்வுன்னா குடுக்கறது, அதப் போட்டு இங்கிலீஷ்ல அஞ்சு வாக்கியம் எழுதச் சொன்னேன். ஒரு மணி நேரம் ஒக்காந்து ஒண்ணுகூட எழுதல. கைடுல இருக்கறத அப்பிடியே எழுதுங்கன்னாலும் மாட்டேங்கறார். இன்னான்னு நீயே கேளு."

கேட்டேன். "எங்கப்பா எனக்குப் பேனா குடுக்கறார்னு கைடுல போட்டிருக்குது. நைனா போயி பதினாலு வருஷம் ஆவுது. எப்பிடி எழுதறது?" என்றார். 'என் தங்கை பூனைக்குப் பால் கொடுக்கிறாள்' என்று இன்னொன்று. இவருக்குத் தங்கையே கிடையாது. தப்புத்தப்பாக எழுதி இவர் பெயிலாகவில்லை, எழுதாமலே பெயிலாகியிருக்கிறார். ஆறு தடவையும் இதே கதைதான்.

சாருக்குத்தான் இது புதுசு. எனக்கு ஆச்சரியமே இல்லை. என்னைப் பெண் பார்க்க வந்தபோது, யாரும் கேட்காமலே, "நான் இங்கிலீஷ்ல ரெண்டு வாட்டி பெயிலு" என்று காபியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்ன மனுஷன். எங்க நைனா அதைக் கேட்டுத்தான் பெண் கொடுத்தார். அந்தக் குணத்தோடு குடித்தனம் நடத்துவது நைனா இல்லையே, நான்தானே.

"பரீட்சையில எழுதினத யாரு வந்து வீட்ல எட்டிப் பாக்கப் போறாங்க?" என்று கத்தினேன்.

"தாளு மேல என் நம்பர் இருக்குதே" என்றார்.

இந்த ஆளை மாற்ற முடியாது, வாக்கியத்தையாவது நிஜமாக்கிவிடலாம் என்று தோன்றியது. "எதெல்லாம் எழுதணுமோ அத மொதல்ல செஞ்சிடுங்க. செஞ்சிட்டு வந்து எழுதுங்க" என்றேன். சார் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, சரி என்று தலையாட்டினார்.

அடுத்த இருபது நாள் தெருவே எங்களை வேடிக்கை பார்த்தது. 'மாட்டுக்குப் புல் கொடுக்கிறேன்' என்று எழுதுவதற்காகப் பக்கத்து வீட்டு தனகோட்டியின் மாட்டுக்கு ஒரு கட்டுப் புல் வாங்கிப் போட்டார். "இன்னா ரஞ்சிதம், எம்மாட்ட வெலைக்குக் கேக்கப் போறாரா?" என்று தனகோட்டி என்னிடம் வந்து விசாரித்தார். 'வயசானவருக்கு இடம் கொடுக்கிறேன்' என்பதற்காகச் சைக்கிளை வீட்டில் போட்டுவிட்டு பஸ்ஸில் ஏறினார். அன்றைக்குப் பார்த்து பஸ் முழுக்க ஸ்கூல் பிள்ளைகள். வல்லத்தையும் தாண்டிப் போய், ஒரு பெரியவர் ஏறின பிறகுதான் எழுந்து இடம் விட்டாராம். ஆபீசுக்கு அரைநாள் லீவு. 'குடையைக் கொடுக்கிறேன்' என்பதற்கு நூர் சாரிடமே குடையைக் கொடுத்தார். சார் அதைத் திருப்பித் தரவே இல்லை. கேட்டால் வாக்கியம் பொய்யாகிவிடும் என்று இவரும் கேட்கவில்லை.

நான் திட்டிக்கொண்டேதான் இருந்தேன். ஆனால் சாயங்காலத்தில் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, அன்றைக்குக் கொடுத்ததை வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி எழுதுவார் பாருங்கள், அப்போது அவருக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருப்பேன். இந்த ஒரு தடவை இவரைப் பாஸாக்கிவிடு சாமி என்று வேண்டிக்கொண்டதும் அப்போதுதான்.

பரீட்சை எழுதிவிட்டு வந்தவரை வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். "கிவ் வந்துச்சா?"

"வந்துச்சு. ஆனா ஒங்க வீட்ல நடக்கறத வச்சி எழுதுன்னு கேட்டுட்டாங்க."

மாடு, பஸ், குடை எதுவும் எங்கள் வீட்டில் நடந்ததில்லை. "அப்ப இன்னாதான் எழுதினீங்க?"

"ரிசல்ட் வரட்டும்" என்று உள்ளே போய்விட்டார்.

ரிசல்ட் அன்று நூர் சார் பேப்பரோடு மூச்சிரைக்க ஓடிவந்தார். இவர் நம்பர் இருந்தது. பின்னால் மார்க் வந்தபோது பார்த்தால், இங்கிலீஷில் ஒன்று குறைந்திருந்தாலும் போயிருக்கும். ஆனாலும் பாஸ் பாஸ்தான். நாற்காலி இவருக்கே என்று மேனேஜரும் சொல்லிவிட்டார். ரிசல்ட் வந்த அன்று மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே, "இப்பவாச்சும் சொல்லுங்க, இன்னா எழுதினீங்க?" என்றேன்.

தட்டைப் பார்த்தபடி ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னார். "என் வீட்டுக்காரி காலையில எனக்கு வெந்நீர் குடுக்கறா. தான் சாப்புடறதுக்கு முந்தி எனக்குச் சோறு குடுக்கறா. எங்கம்மா படுக்கையில கெடந்தப்ப வளையலக் கழட்டிக் குடுத்தா. தெனமும் திட்டு குடுக்கறா."

"நாலுதானே ஆவுது?"

"அஞ்சாவது, நான் என் வீட்டுக்காரிக்குக் குடுக்கறேன்னு ஆரம்பிச்சேன். இன்னா குடுத்தேன்னு யோசிச்சிக்கினே இருந்தேன், ஒண்ணும் வரல. பெல்லு அடிச்சிட்டாங்க. அந்த வரியக் கோடு போட்டு அடிச்சிட்டு பேப்பரக் குடுத்துட்டேன்."

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், இவர் சொல்வது நிஜமா பொய்யா என்று ஒருநாளும் நான் யோசிக்க வேண்டி வந்ததில்லை. எத்தனை பெண்டாட்டிகளுக்கு அது கிடைத்திருக்கிறது?

"நிம்மதி குடுத்தேன்னு எழுதியிருக்கலாமே. அது பொய்யில்ல" என்றேன்.

பிசைந்த கை அப்படியே நின்றது. "மெய்தானா?"

"மெய்தான்."

மீதிச் சோற்றை அவசரமாகச் சாப்பிட்டார். கை கழுவிக்கொண்டு, "நிம்மதிக்கு இங்கிலீஷ்ல இன்னா?" என்றார். எனக்கு எப்படித் தெரியும்? நூர் சாரைக் கேட்டு வருகிறேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.

"பரீட்சைதான் முடிஞ்சிடுச்சே" என்றேன்.

"நாலுதானே எழுதியிருக்கறேன்" என்று சொல்லிவிட்டு, வெயிலில் மிதித்துக்கொண்டு போனார்.