வாயசைக்கச் சொன்ன மேடை

எங்கள் பக்கத்தில் ஒரு காலத்தில் நேரடியாகப் பாட்டுக் கேட்க ஓர் இடம் இருந்தது என்று சொன்னால், யாராவது ஒருவர் சிரித்துக்கொண்டே, "அந்த டான்ஸ் ஹாலா?" என்று கேட்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நான் பாடப் போனபோது அது பாட்டுக் கேட்கும் இடம். அதை டான்ஸ் ஹால் ஆக்கியவர் வேறு ஆள்.

தண்டலத்தைத் தாண்டி, பெங்களூர் சாலையோரம் ஓர் ஓட்டல். அதன் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட கூடம். சனி, ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்கு மெல்லிசைக் கச்சேரி. கீபோர்டு, கிடார், தபலா, டிரம்ஸ். பாடுவதற்கு ஓர் ஆணும் நானும். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. வல்லக்கோட்டையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவேன். சாப்பிட இறங்கிய லாரிக்காரர்கள் பாட்டுக்காக உட்கார்ந்துவிடுவார்கள். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து குடும்பங்கள் குழந்தைகளோடு வரும்.

1991 மே மாதம் ஸ்ரீபெரும்புதூர் தேர்தல் கூட்டத்தில் அந்தக் குண்டு வெடித்தது. அதன்பின் மைக் கட்டவே எல்லோரும் பயந்தார்கள். கூடம் பூட்டிக் கிடந்தது. ஆடி கழிந்ததும் திறக்கப் போவதாக ஓட்டல் முதலாளி சொல்லியனுப்பினார். ஆசையோடு ஓடினேன். மேடையில் ஒரு வாத்தியம்கூட இல்லை. பெரிய டேப் ரெக்கார்டர் ஒன்று, சுற்றிலும் கலர் பல்புகள்.

"இன்னாண்ணா, பேண்டு எங்க?"

"அவங்கள நிறுத்திட்டேன். இனிமே கேசட்டுதான். நீ பளபளன்னு டிரெஸ் பண்ணிக்கினு வாய அசைச்சா போதும். கொஞ்சம் இடுப்பையும் ஆட்டு."

"நான் பாடறவண்ணா."

"ஒன் பாட்டு யாருக்கும்மா வேணும்? ஜனம் மூஞ்சியப் பாக்கத்தான் வருது."

மூன்று வருஷம் என் குரலைக் கேட்கக் கூட்டம் வந்ததைக் கண்ணால் பார்த்தவர் சொன்ன பேச்சு இது. அப்போதே திரும்பியிருக்க வேண்டும். மேடையை விட மனம் வரவில்லை, நின்றுவிட்டேன். அந்தக் கோபம் என் மேலேயே இன்னும் இருக்கிறது.

சனிக்கிழமை வாயசைத்தேன். யாரோ ஒருத்தியின் குரல் என் உதட்டிலிருந்து வந்தது. விசில் பறந்தது. வாராவாரம் முன்வரிசையில் உட்காரும் ஓர் அம்மா, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போனார்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது பாட்டின் நடுவில் டேப்பை நிறுத்தினேன். "இப்ப நான் பாடப் போறேன்" என்று மைக்கில் சொன்னேன். எங்கள் டிரம்ஸ்காரர், ஐம்பது தாண்டியவர், பின்னறையில் கிடந்த தன் டிரம்ஸை எடுத்துப் போக அன்றைக்கு வந்திருந்தார். ஒரு டிரம்மைத் தூக்கிவந்து மேடை ஓரத்தில் உட்கார்ந்தார்.

"ஆடும்மா!" என்று ஒருவன் கத்தினான்.

"யோவ், சும்மா இருய்யா. அந்தப் பொண்ணு பாடுது, கேளு" என்று ஒரு லாரி டிரைவர் திரும்பி அதட்டினார்.

முதலாளி ஓடிப்போய் மைக்கை அணைத்தார். நான் நிறுத்தவில்லை. தொண்டை கிழியப் பாடி முடித்தேன். பாதிக் கூடம் கைதட்டியது, பாதி முறைத்தது.

"இனிமே இந்தப் பக்கம் தலையக் காட்டாத" என்றார் முதலாளி.

"நீ கூப்ட்டாலும் வர மாட்டேன்யா" என்றேன். அதுவரை அவரை அண்ணா என்றே அழைத்திருந்தேன்.

பிறகு எங்கிருந்தோ பெண்களை அழைத்து வந்து ஆடவிட்டார். கொஞ்ச நாளில் அது வெறும் பார் ஆனது, அதற்கப்புறம் மூடிவிட்டார்கள். பொம்பளைங்க வந்துதான் இடம் கெட்டுப்போனது என்று ஊர் பேசியது. முதலாளியைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

நானும் டிரம்ஸ்காரரும் சேர்ந்து ஒரு குழு அமைத்தோம். கல்யாணம், கோயில் திருவிழா என்று பல வருஷம் பாடினேன். ஒரு கல்யாண வரவேற்பில் அந்த முதலாளி சால்வை போர்த்திக்கொண்டு முன்வரிசையில் இருந்தார். இடைவேளையில் என்னிடம் வந்து, "நல்லா பாடறியேம்மா, எந்த ஊரு?" என்று கேட்டார்.

"ஒங்க ஹால்ல மூணு வருஷம் பாடினேன். நீங்கதான் என்ன வாயசைக்கச் சொன்னீங்க."

"அப்டியா?" என்றார். உடனே பந்திப் பக்கம் நகர்ந்துவிட்டார்.