நூற்றுக்கு மேல் தம்பிக்கு

திருவையாற்றில் ஒரு வீட்டு டிவி முன்னால் நின்றுகொண்டிருந்தேன். செட்டாப் பெட்டி சேனல்களைத் தேடிக்கொண்டிருந்தது. என் கடைக் கூட்டாளி செல்வமணியின் மருமகன் போன் செய்தார். "மாமா போயிட்டாங்க. காலையில நெஞ்சு வலின்னாங்க, அவ்வளவுதான்." வேலையைப் பாதியில் விட்டு இறங்கினேன். வண்டிச் சாவி சட்டைப் பையிலேயே இருக்க, தெருவெல்லாம் தேடினேன்.

திருக்காட்டுப்பள்ளியில் எங்கள் டிஷ் கடையை அறிந்தவர்களுக்கு மணியை அறிமுகப்படுத்த வேண்டாம். கல்லா என்னுடையது, கூரை அவருடையது. ஏணியில் நின்றபடியே கீழே இருப்பவர்களிடம் ஊர்வம்பு பேசுவார். "அண்ணே, நீங்க விக்கிறதைப் பாருங்க, அது ஓடுறதை நான் பாத்துக்கிறேன்" என்பார். எரிச்சலாக வரும்.

பெட்டியைப் புதிதாகத் தேடவிட்டால் ஒரே சேனல் இரண்டு எண்களில் வந்து உட்காரும். ஒன்றை அழித்துவிடுவதுதான் எங்கள் வழக்கம். ஆற்றங்கரை ஊர் ஒன்றில் ஒரு வீட்டில் மட்டும் மணி அழிக்கவில்லை.

வாய்க்கால் தண்ணீர் முறையில் சண்டை போட்டுப் பேச்சை நிறுத்திய அண்ணன் தம்பி வீடு அது. அடுப்பு இரண்டு. கூடமும் டிவியும் மட்டும் பொது. அண்ணன் தன் வசதிக்கு எண்களை அடுக்குவார், தம்பி கலைப்பார். கடைசியில் தம்பி, தன் அறையில் வேறு டிவி வைப்பதாகச் சொல்லி, தனிப் பெட்டி கேட்டார். நான் வண்டியில் கட்டிக்கொண்டே போயிருந்தேன்.

மணி அதை அவிழ்க்கவே விடவில்லை. இரட்டையாய் வந்த சேனல்களை அப்படியே வைத்து இரண்டு வரிசையாக்கினார். "பெரியவரே, நூறு வரைக்கும் உங்க வரப்பு. நூத்துக்கு மேல தம்பிக்கு. யாரும் தாண்டக் கூடாது."

அண்ணன் இரண்டையும் போட்டுப் பார்த்தார். "ரெண்டுலயும் ஒரே ஆளுதானேய்யா நியூஸ் வாசிக்கிறான்?"

"அவனை எப்படிங்க பாகம் பிரிக்கிறது?"

தம்பி சிரித்துவிட்டார். அண்ணனும் சிரித்தார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"நல்ல வியாபாரத்தைக் கெடுத்தியேப்பா" என்று வழியெல்லாம் திட்டினேன். "டிவி ரூமுக்குள்ள போயிட்டா கூடத்துல எவனும் உக்கார மாட்டாண்ணே. அப்புறம் கொத்தனார்தான் வருவாரு" என்றார்.

காரியம் முடிந்த மறுநாள் அந்தத் தம்பி கடைக்கு வந்தார். "பெட்டி அப்டேட் ஆகி எல்லாம் கலைஞ்சு கிடக்கு. மணி அண்ணனும் இல்ல. தனியா ஒண்ணு கொடுத்துடுங்க."

"ஸ்டாக் இல்லீங்க."

"உங்க பின்னாடி அடுக்கியிருக்கிறது?"

"எல்லாம் புக்கிங். வண்டியில ஏறுங்க, நானே வந்து பிரிச்சு வைக்கிறேன்."

விற்கக் கடை போட்டவன் விற்காமல் போகிறேனே என்று வழி நெடுக மனம் அரித்தது. இவர் நாளைக்கே பாபநாசம் போய் வாங்கினால் யார் தடுப்பது? அந்தக் கூடத்தில் ரிமோட்டைப் பிடித்து உட்கார்ந்தால் பழக்க தோஷம், விரல் அழிக்கிற பொத்தானுக்கே போனது. அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். இருவரும் என் விரலையே பார்த்தார்கள். மணியாய் இருந்தால் இதற்குள் நாலு கேலி பேசியிருப்பார். நான் விரலை அங்கிருந்து எடுத்தேன். சேனல்களை ஒவ்வொன்றாய் இரு வரிசைக்கும் நகர்த்தினேன்.

முடித்து எழுந்தபோது இருவருமே கூடத்தில்தான் இருந்தார்கள். பேசவில்லை. ஆனால் எழுந்து போகவும் இல்லை.

மணியின் ஏணியை அவர் மருமகன் எடுத்துக்கொண்டார். கருவிப் பை கடைப் பையனிடம் இருக்கிறது. எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு வீடு. அடுத்த முறை சேனல் கலைந்தாலும் நான்தான் போவேன். வேறு ஆளை அனுப்புவதாய் இல்லை.