ரோலருக்கு வைத்த பொட்டு

ஆனைமலைப் பக்கம் ஒரு நார் மில்லில் எனக்கு வேலை. தேங்காய் மட்டையைப் பல் வைத்த ரோலர்கள் கிழித்து நாராக்கும். வருடம் முழுக்கத் தூசியில் கிடக்கும் அந்த மெஷினை ஆயுத பூஜைக்கு மட்டும் கல்யாணப் பெண் மாதிரி ஜோடிப்போம். துடைத்து, சந்தனம் பூசி, குங்குமம் வைப்போம். பொட்டு வைப்பது பொம்பளை வேலையாம். மட்டை சுமப்பதும் பொம்பளை வேலைதான், அது வேறு.

பூஜை முடிந்ததும் நல்ல நேரத்தில் மெஷினைக் கொஞ்சம் ஓட்டி நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் வருடம் பூராவும் மக்கர் பண்ணும் என்பது முதலாளியின் நம்பிக்கை. சுவிட்சு, நார்க் குவியலுக்கு அந்தப் பக்கம் சுவரில் இருந்தது. அங்கே நின்றால் மெஷின் தெரியாது. கடிகாரம் நன்றாகத் தெரியும்.

அந்த வருடம் கற்பூரம் காட்டிய பிறகுதான் உள் ரோலருக்குப் பொட்டு வைக்காதது என் கண்ணில் பட்டது. கையை உள்ளே விட்டேன். ராகு காலம் வந்துவிடப்போகிறதே என்று முதலாளி சுவிட்சைப் போட்டார்.

"ஏனுங்கண்ணா, கொஞ்சம் நிறுத்துங்க! கை மாட்டிக்கிச்சுங்க!"

அந்த நேரத்திலும் 'ங்க' போட்டுத்தான் கத்தியிருக்கிறேன். நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

நிறுத்தினார்கள். மோதிர விரலும் நடு விரலும் இல்லை. தேடி எடுத்து, பொரி வாங்கி வந்த கவரிலேயே போட்டுப் பொள்ளாச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். நசுங்கியது ஒட்டாது என்றார் டாக்டர்.

முதலாளி தலைமாட்டில் நின்று அழுதார். நிஜமாகவே அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மெஷினுக்கு இருந்த திருஷ்டி உன்னோட போச்சுன்னு நெனச்சுக்க அம்மணி" என்றார். திருஷ்டிக்குத்தான் வாசலில் பூசணிக்காய் உடைத்தாயிற்றே! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, கையில் கட்டு இருந்ததால் தப்பித்தார்.

அடுத்த வருடமும் அதே மில்தான். வேறு எங்கே போவது? பொட்டு வைக்க என்னைக் கூப்பிடவில்லை. விரல் இல்லாத கையால் வைத்தால் ஆகாதாம். புதிதாகக் கல்யாணமாகி வந்த ஒரு பெண்ணை விட்டார்கள். நான் பேசாமல் சுவரோரம் போய், மோட்டாரின் பியூஸ் கட்டையைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

கற்பூரம் காட்டியாயிற்று. முதலாளி கடிகாரத்தைப் பார்த்துச் சுவிட்சைப் போட்டார். ஓடவில்லை. மறுபடி போட்டார். லைட் எரிகிறது, மோட்டார் மட்டும் அசையவில்லை. பியூஸ் இருந்த இடத்தைப் பார்த்ததும் அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"எவன்டா புடுங்குனது? நல்ல நேரம் போயே போச்சே!"

"நாந்தானுங்கண்ணா" என்று இடுப்பிலிருந்து எடுத்துக் காட்டினேன்.

என்னைத் திட்ட அவர் வாயைத் திறந்தார். அதற்குள் நார்க் குவியலுக்கு அப்பாலிருந்து அந்தப் பெண் கூப்பிட்டாள்.

"அக்கா, அண்ணனைக் கொஞ்சம் இருக்கச் சொல்லுங்க. கை இன்னும் உள்ளாரதான் இருக்குதுங்க."