இருநூற்று ஐம்பத்தைந்துக்கு மேல்

கண்டியில் ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம். தேயிலைத் தோட்டங்களுக்கு மின்தராசு செய்து கொடுக்கிறோம். தராசுக்குள் இருக்கும் கணினிச் சில்லுக்கு நிரல் எழுதுவது என் வேலை. அது அடிநிலை மொழி. எந்த எண்ணை எந்த நினைவக அறையில் வைப்பது, அந்த அறை போதாவிட்டால் என்ன செய்வது என்று ஒவ்வொன்றையும் நாமே சொல்ல வேண்டும். சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

அதனால் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த, என் வயதை ஒத்த பெண்ணொருத்தி பாதி வேலையை ஏற்றபோது நிம்மதியாக இருந்தது. அதுவரை அவள் எழுதியதெல்லாம் மேல்நிலை மொழியில். அங்கே கூட்டச் சொன்னால் போதும். எண் எவ்வளவு பெரிதானாலும் மொழியே இடம் ஒதுக்கிக்கொள்ளும்.

மழைக்குப் பிறகு கொழுந்து நிறைய வந்த ஒரு நாள், வத்தேகமப் பக்கத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை தொலைபேசியில் கத்தினார். நிறைந்த சாக்கு ஒன்றை வைத்தால் தராசு நானூறு கிராம் காட்டுகிறதாம். நானும் யாழ்ப்பாணத்துத் தோழியும் பஸ் பிடித்துப் போனோம்.

கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நனைந்த பெண்கள் வரிசையில் நின்றார்கள். அந்தச் சாக்கைக் கொண்டுவந்த பெண் தராசை அசைத்துவிட்டாள் என்று கணக்கப்பிள்ளை ஏற்கெனவே ஏசியிருந்தார்.

“நான் கையே வைக்கலங்க. வேணும்னா நீங்களே தூக்கிப் பாருங்க,” என்றாள் அந்தப் பெண்.

என் தோழி குனிந்து தூக்கப் பார்த்தாள். சாக்கு அசையவில்லை.

மடிக்கணினியில் தோழி எழுதிய பகுதியைத் திறந்ததும் காரணம் தெரிந்தது. தராசு நூறு நூறு கிராமாக எண்ணும். இருபத்தாறு கிலோ என்றால் இருநூற்று அறுபது. ஓர் அறை இருநூற்று ஐம்பத்தைந்து வரைதான் தாங்கும். அதைத் தாண்டினால் மறுபடி பூச்சியத்திலிருந்து தொடங்கிவிடும். மிஞ்சியது நான்கு, அதாவது நானூறு கிராம்.

“ஒரு அறை காணும் எண்டு நினைச்சிட்டன். இவ்வளவு நாளும் இதைப் பாக்க வேண்டி வரேல்ல,” என்றாள்.

“அந்த மொழியில நமக்காக வேற யாரோ பாத்துக்கிட்டாங்க. இங்க யாருமில்ல,” என்றேன். ஆறுதலாகச் சொல்லத்தான் நினைத்தேன். களைப்பில் குரல் வறண்டு வந்தது.

எடைக்கு இரண்டு அறை ஒதுக்கி நிரலை மறுபடி ஏற்றினோம். தராசு இருபத்தாறு காட்டியது. தோழி அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டாள். அவள், “சரி விடுங்க, கால் வலிக்குது,” என்று தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கம் நடந்தாள். கணக்கப்பிள்ளை அவள் முகத்தைப் பார்க்கவேயில்லை.

சில மாதங்களில் தோழி கொழும்பில் தன் பழைய மேல்நிலை மொழியிலேயே வேலை தேடிப் போய்விட்டாள். மேல்நிலை மொழியைத் தாங்கும் பெரிய சில்லு வாங்கலாமே என்று முதலாளியிடம் கேட்டேன். இருக்கிறவை முடியட்டும் என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்து கதிரையில் உட்கார்ந்தேன். அலுமாரி நிறையப் பழைய சில்லுகள் கிடந்தன.