படலையில் சொன்ன சொல்

எங்கள் வீட்டில் யாரும் "போறன்" என்று சொல்லிவிட்டு வெளியே போக முடியாது. கடைக்குத் தேங்காய் வாங்கப் போனாலும் "போட்டு வாறன்" என்றுதான் சொல்லவேண்டும். வாய் தவறி "போறன்" என்றால் அம்மா குசினிக்குள் சமைத்துக்கொண்டே கூப்பிடுவார். வேலிப் படலையைத் திறந்தவர் அதைத் திரும்பச் சாத்தி, வாசற்படிவரை வந்து, சரியாகச் சொல்லிவிட்டுத்தான் போகலாம். தமிழ்ச் சனத்துக்கு இது புதினமில்லை. ஆனால் ஒரு ஜப்பான் கார்ட்டூனால் இந்தச் சொல் எங்கள் வீட்டில் பட்ட பாடு வேறெங்கும் பட்டிராது.

அப்போது யுத்தம் நின்றிருந்த சமாதான காலம். மச்சான், அதாவது என் அப்பாவின் தங்கை மகன், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் டிவி திருத்தும் கடையொன்றில் வேலை செய்தார். கடைக்காரர் கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம் நானா ஒருவர், சீடியும் வாடகைக்குக் கொடுப்பவர். கொழும்பிலிருந்து வந்த பெட்டியில் ஒருவரும் கேட்காத ஜப்பான் காதல் கார்ட்டூன் தொடர் ஒன்று சேர்ந்து வந்துவிட்டது. வாடகைக்குப் போகாத சாமான் என்று நானா அதை மச்சானிடம் சும்மா தள்ளிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் மச்சானும் அவருடைய தாயான மாமியும் சல்லிக் கிராமத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வருவார்கள். அப்பா செத்தபிறகு மாமி எங்களைப் பார்க்க வருவதை ஒருநாளும் விட்டதில்லை. சாப்பாடு முடிந்ததும் கதிரைகளை இழுத்துப்போட்டுப் படம் பார்ப்போம்.

படத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடும். எனக்குத்தான் அதை வாசிக்கிற வேகம் இருந்தது. ஆகவே எல்லார் வசனத்தையும் தமிழில் சொல்வது என் வேலை. கதை சின்னது. ஒரு பெட்டையும் ஒரு பெடியனும் ஒரே வகுப்பில் படிக்கிறார்கள், காணுமிடமெல்லாம் சண்டை பிடிக்கிறார்கள். அவளுக்குக் கோபம் வந்தால் செருப்பைக் கழற்றி எறிவாள். இரண்டு பேருக்கும் ஒருவரில் ஒருவர் விருப்பம் என்பது தெருநாய்க்கும் தெரியும், அவர்கள் மட்டும் சொல்லமாட்டார்கள். சொல்ல வாயெடுத்தால் பள்ளிக்கூட மணி அடிக்கும், இல்லாவிட்டால் தாய் கூப்பிடுவாள்.

"வாயில கொழுக்கட்டையே வைச்சிருக்குதுகள்?" என்று மாமி டிவியைப் பார்த்துக் கேட்பார். கேட்டது டிவியிலிருந்த இரண்டு பேரை அல்ல என்று எனக்குத் தெரியும். எனக்கு மச்சானில் விருப்பம் இருந்தது, நிறையவே இருந்தது. முறை மச்சான்தான், ஒருவரும் குறுக்கே நிற்கவில்லை, ஆனாலும் என் வாயிலும் கொழுக்கட்டைதான்.

அந்தப் பெட்டை ஒவ்வொரு காலையும் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, கதவடியில் நின்று "இத்தெகிமாஸ்" என்று கத்திவிட்டு ஓடுவாள். கீழே 'நான் போகிறேன்' என்ற பொருளில் ஆங்கிலம் வரும். நானும் "போறன்" என்று சொல்வேன்.

அம்மாவுக்கு அது பொறுக்காது. "ஏன் அந்தப் பிள்ளை ஒவ்வொரு நாளும் போறன் போறன் எண்டு சொல்லுது? தாய்க்காரி ஒண்டும் சொல்லமாட்டாவோ?"

"ஜப்பானில வாறன் இல்லை மாமி. போறதோட சரி," என்றார் மச்சான் அம்மாவிடம்.

அன்றே அவருக்கு விளையாட்டு பிடித்துக்கொண்டது. வெளிக்கிடும்போது படலையடியில் நின்று, பெட்டையின் குரலில் "இத்தெகிமாஸ்" என்றார். அம்மா விடவில்லை. "எந்தப் பாஷையில சொன்னாலும் போறன் போறன்தான். இஞ்ச வாரும்." மச்சான் சைக்கிளைப் படலையில் சாய்த்துவிட்டு, நல்ல பிள்ளைபோலப் படிவரை வந்து, என்னைப் பார்த்து, "போட்டு வாறன்" என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் இதே கூத்து. அவர் கூப்பிடப்படுவதற்காகவே அப்படிச் சொல்கிறார் என்று கொஞ்ச நாளில் எனக்கு விளங்கியது. எங்கள் காதல் முழுக்க அந்தப் படலைக்கும் படிக்கும் இடையில்தான் நடந்தது.

தொடர் முடிந்தது, அவர்கள் வாய் திறக்கவில்லை. கதையை முடித்துவைக்க ஒரு முழுப்படம் வந்திருக்கிறது என்று மச்சான் எங்கேயோ அறிந்துவந்தார். நானாவைக் கரைச்சல்படுத்தி அதைக் கொழும்பிலிருந்து எடுப்பித்தார். அது வந்துசேர்வதற்குள் சமாதானம் பெயருக்கு மட்டும் மிஞ்சியிருந்தது. துறைமுகப் பக்கம் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது. சோதனைச் சாவடிகள் பழையபடி முளைத்தன. கடைகளை நினைத்த நேரத்தில் பூட்டினார்கள்.

அந்த ஞாயிறு மாமிக்குக் கால் வீக்கம். மறுநாள் டாக்குத்தரிடம் காட்டவேண்டும் என்று எங்கள் வீட்டிலேயே தங்க வந்திருந்தார். சல்லி வீட்டையும் ஆட்டையும் பார்க்க மச்சான் தனியே திரும்பவேண்டும். "முதல்ல படத்தைப் போடு," என்றார் மாமி.

பெடியன் ஒருவழியாய்ச் சொன்னான், மழையில், ஒரு பஸ் தரிப்பிடத்தில். பெட்டை செருப்பை எறிந்தாள், சந்தோஷத்தில். மாமி கைதட்டினார். அந்த வசனத்தை நான் தமிழில் சொல்லும்போது என் குரல் நடுங்கியதை மச்சான் கவனித்தார். அவர் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. படம் அதோடு முடியவில்லை. அவனுக்குத் தூரத்து ஊரில் படிப்பு. கடைசியில் பெட்டியோடு அவள் வீட்டு வாசலில் நிற்கிறான். அவளுடைய அதே சொல்லை அவன் சொல்கிறான், "இத்தெகிமாஸ்". அவள் கண்ணீரோடு சிரித்து ஏதோ சொல்கிறாள்.

"போறன்," என்று வாசித்தேன். பிறகு அவளுடைய மறுமொழியை, "கவனமாய்ப் போ."

கதவு மூடியது, பாட்டு வந்தது. எங்களுக்கெல்லாம் அழுகை. "இவ்வளவு நாளும் சிரிக்க வைச்சுப்போட்டுக் கடைசியில பிரிச்சுப்போட்டாங்கள், பாவியள்," என்று மாமி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார்.

மச்சான் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "எழுத்தை விட்டிட்டு அவளின்ர முகத்தைப் பாரும்," என்றார் என்னிடம். "பிரியிற முகமே அது?"

பின்னேரம் ஊரடங்குச் சட்டம் போடப்போகிறார்கள் என்று கதை வந்தது. அம்மா அவரைக் கெதியாய் வெளிக்கிடச் சொன்னார். நாங்கள் மூவரும் வாசலுக்கு வந்தோம். மச்சான் படலையடியில் திரும்பி நின்று "இத்தெகிமாஸ்" என்றார். இந்தமுறை பெட்டையின் குரலில் அல்ல, அந்தப் பெடியன் சொன்னதுபோல மெதுவாக. அம்மா வாயெடுக்கவும் துறைமுகப் பக்கம் பெரிதாய் ஒரு வெடி கேட்டது. மூவரும் அந்தப் பக்கம் திரும்பினோம். மறுபடி பார்த்தபோது சைக்கிள் ஒழுங்கை முடக்கால் திரும்பி மறைந்துவிட்டது.

மச்சான் சல்லிக்குப் போய்ச் சேரவில்லை. வழியில் உப்புவெளியடியில் கண்டதாக ஒருவர் சொன்னார். அதற்கு அப்பால் கண்டவர் இல்லை. சைக்கிள்கூடக் கிடைக்கவில்லை. மாமி வீங்கிய காலோடு முகாம், பொலிஸ் என்று ஏறாத வாசல் இல்லை. எங்கே கேட்டாலும் 'இங்கே இல்லை' என்பதுதான் மறுமொழி. பிறகு மாமி எங்களோடேயே தங்கிவிட்டார். ஒழுங்கையில் சைக்கிள் மணி கேட்டால் எழும்பிப்போய்ப் பார்ப்பார். பார்த்துவிட்டு வந்து பழைய இடத்திலேயே உட்காருவார். அந்த வருஷங்களை நான் திரும்ப நினைக்க விரும்பவில்லை.

யுத்தம் முடிந்தும் அவர் வரவில்லை. ஒருநாள் மாமி தானாகவே சொன்னார். "அவன் அண்டைக்குப் போறன் எண்டுதானே சொன்னவன். வாறன் எண்டு சொல்லேல்ல. நான் ஏன் இன்னும் பாத்துக்கொண்டிருக்கிறன்?" அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவர் தன் மனதை ஆற்றினார். மச்சானின் படத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி, மாலை போட்டார். அதன்பிறகு மணிச் சத்தத்துக்கு எழும்பவில்லை. இரவில் நித்திரையும் கொண்டார்.

நான் நிலாவெளியில் ஒரு ஹோட்டலில், விருந்தாளிகளை வரவேற்கிற மேசையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஒருமுறை வயதான ஜப்பான் தம்பதி வந்து தங்கினார்கள். புருஷனுக்குக் காய்ச்சல். மனைவி மட்டும் கடற்கரையில் நடக்க வெளிக்கிட்டார். வாசலில் திரும்பிப் புருஷனிடம் சொன்னார், "இத்தெகிமாஸ்."

அவர் போனபிறகு புருஷனிடம் ஆங்கிலத்தில் கேட்டேன், உங்கள் மனைவி சொன்னது 'போகிறேன்' என்பதுதானே என்று. அவர் சிரித்துத் தலையாட்டி, இல்லை என்றார். ஆங்கிலத்தில் அதற்குச் சரியான சொல் இல்லையாம். விரலை மேசைமேல் தூரத்துக்குக் கொண்டுபோய், திரும்பத் தன் நெஞ்சடிக்குக் கொண்டுவந்து காட்டினார். போய், திரும்பி வருவது. வீட்டில் இருப்பவர் சொல்லும் மறுமொழியும் அதேதானாம், போய் வா என்று.

ஜப்பானிலும் வாறன் இருந்திருக்கிறது. இடையில் நின்ற ஆங்கிலத்திடம்தான் அது இல்லை. அந்தப் படம் பிரிவில் முடியவில்லை. மச்சான் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்தது சரி.

பஸ்ஸில் வீட்டுக்கு வரும்வரை அழுதேன். மச்சான் என்னிடம் 'வாறன்' என்று சொல்லாமல் போகவில்லை என்ற சந்தோஷமும் அந்த அழுகையில் இருந்தது. தனியே வைத்திருக்க ஏலாமல், வந்ததும் மாமியிடம் சொன்னேன். அவருக்கும் ஆறுதலாய் இருக்கும் என்று நினைத்தேன்.

"வடிவாய்க் கேட்டனியே?" என்றார் மாமி.

"ஓம் மாமி. போட்டு வாறன் எண்டுதான் அர்த்தமாம்."

மாமி எழும்பினார். ஒரு கதிரையைச் சுவரடிக்கு இழுத்தார். அந்தக் காலோடு அதில் ஏறி, படத்திலிருந்த மாலையைக் கழற்றினார்.

"வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போன பிள்ளைக்கு ஆரும் மாலை போடுறதோ," என்றார்.

இறங்கி வாசலுக்குப் போய், படலை தெரிகிற பக்கமாய் உட்கார்ந்துகொண்டார்.