சாப்பாட்டு மேசையில் ஒரு வால்வு றேடியோ

அந்த றேடியோ எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கிய காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கொக்குவில் வீட்டு வாசலில் ஓட்டோ ஒன்று வந்து நின்றது. சாரதியும் மச்சாளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, சாக்கில் சுற்றிய பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு நேரே உள்ளே வந்து என் சாப்பாட்டு மேசையில் வைத்தார்கள். சாக்கை அவிழ்த்ததும் குளவிக்கூட்டு மண் பொலபொலவென்று மேசைவிரிப்பில் கொட்டியது. “ரெண்டு கிழமை, பிள்ளை. அதுக்குள்ளை உதைப் பாட வைச்சிடுவன்” என்றார் மச்சாள். ஏழு மாதம் அது அங்கேயே இருந்தது.

மச்சாள் என் கணவரின் அக்கா. பெண்கள் பாடசாலை ஒன்றில் விஞ்ஞான ஆய்வுகூட உதவியாளராக நெடுங்காலம் இருந்து ஓய்வுபெற்றவர். கலியாணம் செய்யவில்லை. கண் சத்திரசிகிச்சைக்கென்று வல்வெட்டித்துறையில் இருந்து எங்களிடம் வந்து தங்கினார். கண் தெளிந்ததும் ஊருக்குப் போவார் என்று பார்த்தால், இடப்பெயர்வுகளுக்கெல்லாம் தப்பி உறவினர் வீட்டுப் பரணில் கிடந்த தன் அப்பாவின் வால்வு றேடியோவை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். கண் வெட்டியதே இதற்குத்தானோ என்று எனக்கு அன்றே சந்தேகம்.

அதன் பிறகு நாங்கள் மேசையில் சாப்பிடவில்லை. நானும் கணவரும் மகளும் சாப்பாட்டுக் கோப்பையை மடியில் வைத்து இடியப்பம் தின்றோம். மின்விசிறி போடக்கூடாது, எந்த ஆணி எங்கே என்று எழுதி வைத்த துண்டுக் காகிதங்கள் பறந்துவிடும். என் சரக்குப் போத்தல்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. சீரகப் போத்தலுக்குள் திருகாணி, வெந்தயப் போத்தலுக்குள் ஏதோ மெழுகு பிடித்த உருளைகள். ஈயம் பற்றவைக்கும் புகை சுவாமி அறை வரை போனது. பழைய கம்பிகளின் ரப்பர் தொட்டவுடன் பிஸ்கற்போல உதிர்ந்தது. உதிர்ந்ததையெல்லாம் காலால் மிதித்து வீடு முழுக்கக் கொண்டு திரிந்தோம். மச்சாள் வாரத்துக்கொருமுறை அதற்கு மின்சாரம் கொடுத்துப் பார்ப்பார். வீட்டு றிப் சுவிட்ச் டக்கென்று விழும். அரைத்துக்கொண்டிருந்த சம்பல் பாதியில் நிற்கும். “இப்ப பிழை எங்கை எண்டு விளங்கியிட்டுது” என்பார், ஏதோ எனக்கு நல்ல செய்தி சொல்வதுபோல.

இதில் எனக்குக் கூடுதலாக எரிந்தது கணவரின் மேல்தான். அவர் ஒரு மின் பொறியியலாளர். ஊருக்கெல்லாம் வெளிச்சம் கொடுத்து ஓய்வுபெற்றவர். “நீங்கள் ஒருக்கால் பாருங்கோவன், அரை மணித்தியால வேலைதானே” என்று எத்தனை முறை கெஞ்சியிருப்பேன். “அது அக்காவின்ரை வேலை. நீர் விடும்” என்று பேப்பரைத் தூக்கி முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொள்வார். மேசைப் பக்கம் போவதையே தவிர்த்தார். தண்ணீர் குடிக்கக்கூடக் குசினியைச் சுற்றித்தான் வந்தார்.

ஐந்தாவது மாதம் மகளுக்கு ஒரு சம்பந்தம் பேசி வந்தார்கள். மேசையை ஒதுக்கித் தாருங்கோ என்று மூன்று நாள் முன்னதாகவே மச்சாளிடம் சொல்லியிருந்தேன். “உதை அசைச்சால் எல்லாம் விட்டுப்போகும்” என்று ஒரு துவாயால் மூடினார், அவ்வளவுதான். வந்தவர்கள் சுவரோடு கதிரை போட்டு, தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் பிடித்தபடி இருந்தார்கள். மாப்பிள்ளையின் மாமா பொழுது போகாமல் எழும்பி, துவாயை விலக்கி உள்ளே விரலை நீட்டினார். அடுத்த அறையிலிருந்து மச்சாள் பாய்ந்து வந்தார். “தொடாதேங்கோ! செத்துப் போவியள்!” அந்த மனிதரின் கையிலிருந்த தேத்தண்ணி அவருடைய வெள்ளை வேட்டியில். செருகியைச் சுவரிலிருந்து இழுத்த பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கி நிற்கும் என்று மச்சாள் அவருக்குப் பத்து நிமிடம் விளக்கினார். அவர்கள் பிறகு எங்களோடு தொடர்பு கொள்ளவில்லை.

அன்று பின்னேரம் எனக்குப் பொறுமை போய்விட்டது. “மச்சாள், யாழ்ப்பாணத்திலை உதைத் திருத்த ஒருத்தரும் இல்லையே? குடுத்துச் செய்விச்சால் என்ன? உங்கடை கையாலைதான் செய்யவேணும் எண்டு என்ன நேத்திக்கடன்?” என்று கத்தினேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, சண்டைக்கு வராத குரலில் சொன்னார். “அப்பா உதைப் பொம்பிளைப்பிள்ளையள் தொடவிடமாட்டார். எனக்குப் பதினேழு வயசிலை ஒருநாள் உது பாடாமல் போச்சு. அப்பா கடலுக்குப் போன நேரம் நான் பின்பலகையைக் கழட்டிப் பாத்தன். ஒரு கம்பி விட்டுக்கிடந்தது. இரும்புக் கம்பியை அடுப்பிலை காய்ச்சி ஒட்டினன். அப்பா வரேக்கை பாடிக்கொண்டிருக்குது, தம்பி முன்னாலை நிக்கிறான். ‘நீயோடா திருத்தினது?’ எண்டார். அவன் ஒண்டும் கதைக்கேல்லை. பத்து வயசுப் பொடியன், பாவம், பயந்துபோனான். அப்பா ஒழுங்கை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிஞ்சார், என்ரை மகன் எஞ்சினியர் எண்டு.”

“நீங்கள் சொல்லேல்லையே?”

“சொல்லியிருந்தால் தொட்டதுக்கு அடிதான் விழுந்திருக்கும்.”

நான் நேரே விறாந்தைக்குப் போனேன். “மச்சாள் சொல்லுறது உண்மையோ?” என்று கேட்டேன். கணவர் பேப்பரைக் கீழே வைக்கவில்லை. “ஓம்” என்றார். அதன் பின்னாலிருந்தே, “படிக்கேக்கை ஒவ்வொரு சோதினைக்கும் எனக்கு அது ஞாபகம் வரும்” என்றார். முப்பத்தைந்து வருடமாக இந்த மனிதரோடு குடும்பம் நடத்துகிறேன். ஒரு வார்த்தை என்னிடம் சொன்னதில்லை. மச்சாளின் மேல் இருந்த என் கோபம் முழுவதும் அன்று திசை மாறிவிட்டது, ஆனால் குறையவில்லை.

அது பாடியது ஒரு ஞாயிறு காலை. சுவிட்சைப் போட்டதும் வால்வுகள் மெல்லச் சிவந்தன. முதலில் ஓர் இரைச்சல், பிறகு கரகரப்புக்கு நடுவே எங்கோ கடலுக்கு அப்பாலிருந்து ஒரு பெண்குரல் செய்தி வாசித்தது. மச்சாள் திருகியின் மேல் வைத்த விரலை எடுக்கவேயில்லை. மகள் கைதட்டினாள். எனக்கு அழுகையும் வந்தது, இனி மேசையைத் துடைக்கலாம் என்ற எண்ணமும் வந்தது.

விசயத்தை மகள் எல்லோருக்கும் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். சற்று நேரத்தில் கனடாவிலிருந்து கணவரின் பெரியப்பா மகன் வீடியோவில் வந்தார். “அட, பெரிய விளையாட்டுக் காட்டியிருக்கிறாய் தம்பி! நீ அந்த நாளையிலேயே உதைத் திருத்தின ஆளெல்லோ! சித்தப்பா சொல்லாத ஆளில்லை” என்று சிரித்தார்.

கணவர் போனை முகத்துக்கு நேரே பிடித்தார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். பேப்பர் எதுவும் கையில் இல்லை.

“இல்லை, அண்ணை” என்றார். “நான் இல்லை. அக்கா. அண்டைக்கும் அக்காதான்.”

மச்சாள் திரும்பிப் பார்க்கவில்லை. ஏழு மாதம் எங்கள் உயிரை வாங்கி வரவழைத்த அந்த றேடியோச் செய்தியை, சத்தத் திருகியை இடப்பக்கம் திருப்பி, ஒரு சொல்லும் கேட்காதபடி அடக்கினார்.

“றேடியோச் சத்தத்திலை அண்ணைக்குக் கேட்டிருக்காது, தம்பி” என்றார். “இன்னொருக்காச் சொல்லு.”

கணவர் சொன்னார்.